ஊரைப் படமெடுக்கும்போது பிளாஸ்டிக் நாற்காலியை ஒதுக்காதீர்கள்

கேட்டவருக்குச் சென்னையில் வேலை. சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம், மாதம் ஒருமுறை போய்வருகிறார். ஒவ்வொரு முறையும் ஊரில் ஏதோ ஒன்று இல்லாமல் போயிருக்கிறது, ஏதோ ஒன்று புதிதாக வந்திருக்கிறது, இதையெல்லாம் ஆவணமாகப் படமெடுத்து வைக்க வேண்டும், என்ன கேமரா வாங்கலாம், எதிலிருந்து தொடங்கலாம், மக்களிடம் அனுமதி எப்படிக் கேட்பது என்பது அவர் கேள்வி. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரை 2008-லிருந்து நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கேமரா விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம். கையில் இருக்கும் போன் போதும். அதில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஒரிஜினலை அழிக்காதீர்கள், ஏனென்றால் வாட்ஸ்அப் படத்தின் அளவைக் குறைப்பதோடு எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது என்ற விவரத்தையும் சேர்த்து நீக்கிவிடும். ஆவணத்துக்கு அந்த விவரம்தான் உயிர். பணம் இருந்தால் லென்ஸ் வாங்குவதைவிட ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள், ஒன்று சென்னையில், ஒன்று ஊரில்.

சரி, எதை எடுப்பது? கிராமம் என்றதும் நம் கை தானாகப் போகிற இடம் ஒன்று உண்டு. சுருக்கம் விழுந்த முகத்தோடு ஒரு தாத்தா, பனிமூட்டத்தில் மாட்டு வண்டி, வரிசையாகக் குனிந்து நடவு நடும் பெண்கள். எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாத்தாவை எடுக்கும்போது என்ன செய்கிறோம் என்று கவனியுங்கள். அவர் உட்கார்ந்திருக்கும் நீல பிளாஸ்டிக் நாற்காலி தெரியாதபடி கிட்டே போகிறோம். பின்னால் இருக்கும் டிஷ் ஆன்டெனா வராதபடி கொஞ்சம் தள்ளி நிற்கிறோம். சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு பேசிக்கொண்டிருந்த போனைக் கீழே வைக்கச் சொல்கிறோம். ஊர் மாறியதற்கான அடையாளம் முழுக்க அந்த நாற்காலியிலும் டிஷ்ஷிலும் போனிலும்தான் இருந்தது, அதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே தள்ளிவிட்டு, இது எந்த வருடம், எந்த ஊர் என்றே சொல்ல முடியாத ஒரு முகத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். மாறுகிற ஊரை எடுப்பதென்றால் வாசலில் கிடக்கும் தார்ப்பாயும், அரசு கொடுத்த விலையில்லா கிரைண்டரும், அதன் மேல் காயும் பள்ளிச் சீருடையும் படத்துக்குள் வந்தே ஆக வேண்டும்.

இதை நான் இழந்துதான் தெரிந்துகொண்டேன். தொடங்கிய முதல் இரண்டு வருடத்தில் நடவுப் படங்கள் மட்டும் இருநூறுக்கு மேல் எடுத்திருக்கிறேன், எல்லாம் காலை வெளிச்சத்தில், எல்லாம் அழகாக. ஆனால் களத்தை எடுக்கவில்லை. கதிர் அறுத்து, கட்டுக் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவந்து, அடித்து, பொலி தூற்றி, கூலியை நெல்லாகவே மரக்காலில் அளந்து போடுவதெல்லாம் அன்றைக்கு எனக்கு ரொம்பச் சாதாரணம். தூசி வேறு, கேமராவுக்குள் போய்விடும் என்று பயம். அடுத்த சம்பாவுக்கு வெளியூரிலிருந்து பெல்ட் வண்டி என்கிற அறுவடை மெஷின் வந்து இறங்கியது, ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கருக்கு மேல் அறுத்துக் கொட்டிவிட்டுப் போனது. அதோடு எங்கள் பக்கத்தில் களம் முடிந்தது. அறுவடைப் பெண்களுக்குக் கூலி நெல் முடிந்தது, அந்த நெல்லைப் போட்டு வைத்த குதிர் காலியானது, பின்னால் குதிரே உடைந்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட என்னிடம் படமாக இல்லை.

இன்னொன்று, தென்னை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பகுதியில் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது. மறுநாள் காலை வீட்டு வாசலில் நின்றால், பிறந்ததிலிருந்து பார்க்காத தூரம் வரை வானம் தெரிந்தது. அதற்கு முன் ஊர் எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டத் தேடினேன். தென்னந்தோப்பை எடுக்க வேண்டும் என்று நினைத்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை, ஒரு காதுகுத்து விசேஷத்தில் சாப்பாட்டுப் பந்திக்குப் பின்னால் முழுத் தோப்பும் நின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான் மிச்சம். அதனால்தான் சொல்கிறேன், எப்போதும் இருக்கும் என்று எதைப் பார்த்துத் தோன்றுகிறதோ அதை முதலில் எடுங்கள்.

ஜப்பானில் மியாமோட்டோ சுனெயிச்சி என்று ஒருவர் இருந்தார், 1907-ல் பிறந்து 1981-ல் இறந்தவர். புகைப்படக்காரர் இல்லை, நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர், வாழ்நாள் முழுக்கத் தீவு தீவாக, மலைக் கிராமம் மலைக் கிராமமாக நடந்தவர். பதினைந்து வயதில் ஊரைவிட்டு ஒசாகாவுக்குக் கிளம்பியபோது அவருடைய அப்பா, ஒரு விவசாயி, பத்து அறிவுரைகள் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதில் ஒன்று, ரயிலில் போனால் ஜன்னல் வழியாக நன்றாகப் பார், வயலில் என்ன போட்டிருக்கிறார்கள், பயிர் நன்றாக இருக்கிறதா, வீடுகள் பெரிதா சிறிதா, ஓடா கூரையா என்று கவனி என்பது. புது ஊருக்குப் போனால் உயரமான இடத்தில் ஏறிப் பார் என்பது இன்னொன்று. மியாமோட்டோ எடுத்த படங்கள் ஏறக்குறைய ஒரு லட்சம். ஒரு பிலிம் சுருளில் இரண்டு மடங்கு படம் எடுக்கும் சின்ன ஒலிம்பஸ் பென் கேமரா வந்தபிறகு, நோட்டில் குறிப்பு எழுதுவதுபோல எடுத்துத் தள்ளினார். கொடியில் காயும் துணி, அடுக்கிய விறகு, படகுத்துறை, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். ஜப்பானின் பொருளாதாரம் வேகமாக வளர்ந்து கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்த காலம் அது, ஊர்கள் மாறியதை அவருடைய படங்களில் வரிசையாகப் பார்க்கலாம். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் பல படங்கள் சாதாரணம்தான், சேர்ந்து பார்க்கும்போதுதான் பேசுகின்றன. உங்களுக்கும் இதுதான் வழி என்று நினைக்கிறேன், ஒரு நல்ல படத்துக்காகக் காத்திருக்காமல் பஸ்ஸிலிருந்து இறங்கியதிலிருந்து குறிப்பெடுப்பதுபோல எடுப்பது.

ஆனால் மியாமோட்டோ ஊர் ஊராகப் போனவர். உங்களைப்போல ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இங்கிலாந்துப் புகைப்படக்காரர் ஜேம்ஸ் ரவிலியஸ். டெவன் மாவட்டத்தின் வடபகுதியில், பெரிய சாலைகளிலிருந்து விலகிக் கிடந்த ஒரு விவசாயப் பகுதி. அங்கே பீஃபோர்டு என்ற ஊரில் இயங்கிய கலை மையம் 1972-ல் அவரை அழைத்து, இந்தப் பகுதி மக்களின் வாழ்க்கையை அவர்களுக்கே காட்டும்படி படமெடுத்துத் தாருங்கள் என்று கேட்டது. சின்ன வேலையாகத் தொடங்கியது 17 வருடம் ஓடியது, கருப்பு வெள்ளை நெகட்டிவ்கள் மட்டும் 70,000-க்கு மேல். எல்லாம் அவர் வீட்டைச் சுற்றியிருந்த சில மைல்களுக்குள். அவர் அங்கேயே குடியிருந்தவர், பக்கத்து வீட்டு விவசாயியை வருடக்கணக்கில் எடுத்திருக்கிறார். பனியில் ஆட்டுக்குட்டியைத் தூக்கி வருவது, டாக்டர் வீடு தேடி வருவது, சந்தை, கிறிஸ்துமஸ் விருந்து, அறுவடை முடிந்த வயல். இத்தனை வருடம் போனபிறகு அவர் கேமராவை எடுத்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள், அந்தப் படங்களில் அது தெரிகிறது. வெளிச்சம் மிருதுவாக விழ வேண்டும் என்பதற்காகப் பூச்சு இல்லாத பழைய லென்ஸ்களைத் தேடிப் பயன்படுத்தினார் என்பதும் உண்மைதான், ஆனால் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது லென்ஸ் இல்லை, அந்தப் பதினேழு வருடம். மாதம் ஒருமுறை என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு முறை, பத்து வருடத்தில் நூற்றிருபது முறை, வெளியிலிருந்து வரும் எந்தப் பத்திரிகைக்காரருக்கும் கிடைக்காத நாட்கள் உங்களிடம் இருக்கின்றன.

போகும்போது ஒரு பட்டியலோடு போவதும் உதவும். அமெரிக்காவில் 1935-லிருந்து சில வருடங்கள் விவசாயத் துயர்நீக்கத்துக்கான அரசுத் துறை ஒன்று பல புகைப்படக்காரர்களை அனுப்பி நாடு முழுக்கக் கிராமங்களை எடுத்தது, சுமார் 1,75,000 நெகட்டிவ்கள், இன்றும் அவர்களுடைய நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. அந்தப் பிரிவை நடத்திய ராய் ஸ்ட்ரைக்கர் எதை எடுக்க வேண்டும் என்று கேள்விகளாகவே எழுதி அனுப்புவார். சாயங்காலம் வீட்டில் என்ன செய்கிறார்கள், வசதி உள்ளவர் வீட்டிலும் இல்லாதவர் வீட்டிலும் அது எப்படி வேறுபடுகிறது, ஊரில் எங்கே கூடுகிறார்கள், சுவரில் என்ன மாட்டியிருக்கிறார்கள். இந்தக் கேள்விகளை அப்படியே உங்கள் ஊருக்குக் கொண்டுபோகலாம். அதே ஸ்ட்ரைக்கர் தனக்குப் பிடிக்காத நெகட்டிவ்களில் ஓட்டை போட்டு வீணாக்கவும் செய்தார், அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அழகாக இல்லை என்று எந்தப் படத்தையும் அழிக்காதீர்கள்.

அந்தத் திட்டத்திலேயே எல்லோருக்கும் தெரிந்த படம் டொரோதியா லாங்கே எடுத்தது. 1936 மார்ச், கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் தொழிலாளர்கள் தங்கியிருந்த இடம், கன்னத்தில் கைவைத்து எங்கோ பார்க்கும் ஒரு தாய், தோளில் முகம் புதைத்த இரண்டு குழந்தைகள். லாங்கே அங்கே இருந்தது சில நிமிடங்கள்தான், பெயரைக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்காகக் காரின் டயரை விற்றுவிட்டார்கள் என்று அவருடைய குறிப்பு சொன்னது, அப்படி நடக்கவே இல்லை என்று அந்தக் குடும்பம் பின்னால் சொன்னது. அந்தத் தாய் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன், செரோக்கி பழங்குடி என்பது உலகத்துக்குத் தெரிய 1978 ஆனது. நாற்பத்திரண்டு வருடம். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை, ஒரு காப்பி அனுப்புகிறேன் என்றார், அனுப்பவே இல்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். அந்தப் படம் பட்டினியில் கிடந்தவர்களுக்கு உணவு போய்ச் சேரக் காரணமானது, அதை மறுக்கவில்லை. ஆனால் பெயரைக் கேட்க ஒரு நிமிடம் போதாதா?

பெயரை எழுதி வையுங்கள் என்று இதற்காகத்தான் சொல்கிறேன். என் நடவுப் படங்களில் இருப்பவர்களில் பாதிப்பேர் பெயரை நான் எழுதிவைக்கவில்லை, இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இதில் எங்கள் அப்பாயி எது என்று கேட்கும்போது பதில் இல்லை. இப்போதெல்லாம் அன்று ராத்திரியே எழுதிவிடுகிறேன். யார், எந்தத் தெரு, என்ன வேலை நடக்கிறது, அந்த வேலைக்கு அவர்கள் சொல்கிற சொல் என்ன. கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். நாற்று முடி, பொலி, கருக்காய், கண்டுமுதல் இதெல்லாம் வேலையோடு சேர்ந்து போகிற சொற்கள், படத்தில் பொருள் இருக்கும், சொல் இருக்காது. எழுத நேரமில்லை என்றால் போனிலேயே அவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து சொல்வது கொஞ்சம் கஷ்டமான விஷயம், ஆனால் இதைச் சொல்லாமல் தமிழ்நாட்டுக் கிராமத்தைப் படமெடுப்பது பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. கேமராவோடு எந்தத் தெருவில் நிற்கிறீர்கள்? நான் ஊர்த்தெருவைச் சேர்ந்தவன். முதல் மூன்று வருடப் படங்களை ஒருநாள் மொத்தமாக எடுத்துப் பார்த்தபோது, காலனித் தெரு மக்கள் எல்லாப் படத்திலும் வேலை செய்துகொண்டே இருந்தார்கள். எங்கள் வயலில், எங்கள் வரப்பின் மேலிருந்து எடுத்த படங்கள், மேலிருந்து கீழே பார்க்கிற கோணம். அவர்கள் வீட்டு அடுப்பு இல்லை, கல்யாணம் இல்லை, நர்சிங் படிக்கப் போன பெண் இல்லை, அம்பேத்கர் படம் மாட்டிய சுவர் இல்லை. அவர்கள் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்தது எங்கள் வேலையைச் செய்த பகுதி மட்டும்தான் என்பதை அந்தப் படங்கள் அப்பட்டமாகக் காட்டின. அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசிப் பழகி எடுக்க ஆரம்பித்தேன், இன்னும் நான் எடுப்பது வெளியிலிருந்து வந்தவன் எடுக்கும் படம்தான். அதனால் அந்தத் தெருப் பிள்ளைகள் கையில் கேமரா போவதுதான் சரி என்று உறுதியாக நம்புகிறேன். மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த எம். பழனிக்குமாரின் வேலையைப் பாருங்கள். மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய அம்மாவின் மகன், தூய்மைப் பணியாளர்கள், உப்பளத் தொழிலாளர்கள், கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் ராமநாதபுரத்துப் பெண்கள் என்று உழைக்கிறவர்களையே எடுக்கிறவர். தன் அம்மாவையும் எடுத்திருக்கிறார். அவர் படங்களில் வரப்பின் மேலிருந்து பார்க்கிற கோணம் இல்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய பாரி என்ற ஊரக இந்திய ஆவணத் தளத்தில் அவருடைய படங்கள் இருக்கின்றன, தமிழிலும் படிக்கலாம். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் புகைப்படம் சொல்லிக்கொடுப்பதையும் அங்கே காணலாம். உங்கள் பழைய போன் ஒன்று சும்மா கிடந்தால் ஊரில் ஆர்வமுள்ள ஒரு பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், நீங்கள் சென்னையில் இருக்கும் இருபத்தெட்டு நாளும் ஊர் படமாகும்.

அனுமதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். எடுப்பதற்கு ஒரு அனுமதி, இணையத்தில் போடுவதற்கு இன்னொரு அனுமதி, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். எங்கள் வீட்டுக்குள்ளே வைத்துக்கொள் தம்பி, பேஸ்புக்கில் போடாதே என்று சொல்வார்கள், அதற்கு மேல் காரணம் கேட்கக் கூடாது. பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். ஒரு டீ, ஒரு வடை காசுதான் ஆகும். நான் முதல்முதலாகப் பிரிண்ட் கொடுத்த அக்கா அதைப் பார்த்துவிட்டு முகம் வாடினார், “சேத்தோட, தலைய முடியாம எடுத்திருக்கியே, நல்லா ஒரு சேலை கட்டிக்கிட்டு வந்து நிப்பேன்ல” என்றார். அப்படியும் எடுத்தேன், மாரியம்மன் கோயில் சுவர் முன்னால், விறைப்பாக, கையைத் தொங்கவிட்டபடி. ஆவணப்படம் என்றால் இயல்பாக இருக்க வேண்டும், போஸ் கொடுக்கக் கூடாது என்று அதுவரை நினைத்திருந்தேன். தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் விரும்புகிறார் என்பதும் அந்த ஊரைப் பற்றிய தகவல்தான். இப்போது இரண்டையும் எடுக்கிறேன், பிரிண்ட் கொடுப்பது அவர்கள் கேட்டதை.

நான்கு வருடம் கழித்து அந்த அக்கா தவறிப்போனபோது கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்குக் கொடுக்க வீட்டில் வேறு படம் இல்லை, அந்தக் கோயில் சுவர்ப் படம்தான் போனது. பிளெக்ஸ் கடையில் சுவரை வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் அருவியும் மேகமும் போட்டு, கழுத்துக்குக் கீழே வேறு யாருடைய பட்டுச்சேலையையோ ஒட்டியிருந்தார்கள். அந்த பிளெக்ஸுக்கு முன்னால் அவர் மகள் நின்றுகொண்டிருந்ததையும் எடுத்து வைத்திருக்கிறேன், என்னிடம் இருக்கும் படங்களில் எனக்கு முக்கியமானது அது.

இப்போது போனால் என்னென்ன எடுக்கலாம் என்று சிலதைச் சொல்கிறேன். அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு, ஈரப்பதம் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்துக்கு மேல் போய்விடுமோ என்று மழை வருகிற வானத்தைப் பார்த்தபடி தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ராத்திரி காத்திருப்பவர்கள். களத்துமேட்டின் இடத்தை இன்று அதுதான் பிடித்திருக்கிறது. நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து வரும் ஆட்கள், அவர்கள் தங்கும் இடம், சமைக்கிற மீன், ஊர்ப் பெட்டிக்கடையில் சாமான் கேட்கக் கற்றுக்கொண்ட தமிழ். அறுத்த வயலில் வைக்கோலை உருளையாகச் சுற்றும் மெஷின், அதை ஏற்றிக்கொண்டு கேரளா போகும் லாரி. கடைசியாக மாடு வைத்திருக்கிற வீடு. காலை ஆறரை மணிக்கு மெயின் ரோட்டில் வேனுக்கு நிற்கும் பெண்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடம், அங்கே 2023 ஜனவரியிலிருந்து போன் செயலியில் வேலைக்காரர்களை ஒரு நாளுக்கு இரண்டு முறை படமெடுத்து ஏற்றுவது கட்டாயமானது. அத்தனை முறை படமெடுக்கப்பட்ட பெண்களில் பலர் வீட்டில் அவர்களுடைய படம் ஒன்றுகூட இல்லை. ஊரில் நான்கைந்து இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பொங்கலுக்கும் அதே இடத்தில் நின்று அதே பக்கம் பார்த்து ஒரு படம் எடுங்கள், எனக்கு ஏரிக்கரை அய்யனார் கோயில் படிக்கட்டு அப்படி ஒரு இடம், ஐந்தாவது வருடத்திலேயே வித்தியாசம் கண்ணில் அறையும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. புதுப் படம் எடுப்பதோடு பழைய படத்தையும் காப்பாற்றுங்கள். ரவிலியஸ் தன் படங்களோடு நிற்காமல் அந்தப் பகுதி வீடுகளில் இருந்த பழைய படங்களையும் ஆயிரக்கணக்கில் பிரதி எடுத்துச் சேர்த்தார். இங்கேயும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப்போய், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு குடும்பப் படங்களை டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். உங்கள் ஊரில் கூரை வீடு காங்கிரீட் வீடாகும்போது, நிலைப்படிக்கு மேலே வரிசையாக மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டங்கள்தான் முதலில் பரணுக்குப் போகும், அங்கே கரையானுக்கு. வெயில் நேராகப் படாத திண்ணையில் வைத்து, கண்ணாடியில் உங்கள் நிழல் விழாதபடி சாய்வாக நிறுத்தி, போனிலேயே பிரதி எடுத்துவிடலாம். சட்டத்தைக் கழற்ற வேண்டாம், படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் முகம் பிய்ந்து வந்துவிடும். தனியாகக் கிடக்கும் படங்களை ஊரில் வயதான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டி, யார் யார் என்று கேட்டுப் பின்பக்கம் எழுதுங்கள். பென்சிலில், மெதுவாக, ஓரத்தில். பேனா மை நாளாவட்டத்தில் முன்பக்கம் ஊறிவிடும்.